கதைக்குள் புகுந்து தேடும் நூற்பட்டியல்: பின்லாந்தின் கிர்யாசம்போ

பல வருடங்களுக்கு முன் ஒரு கிளை நூலகத்தில் கொஞ்ச காலம் உதவியாளராக இருந்தேன். ஒரு மாலை, அறுபதைத் தாண்டிய ஓர் அம்மா வந்து மேசைமேல் பையை வைத்துவிட்டுக் கேட்டார். "தம்பி, ஒரு நாவல் வேணும். அணை கட்டுறதால ஊரே மூழ்கப்போகுது. எல்லாரும் காலி பண்ணிட்டுப் போயிடுவாங்க. ஒரு கிழவி மட்டும் போகமாட்டேன்னு உக்காந்திருப்பா. பேரு மறந்துபோச்சு. படிச்சு இருபது வருஷம் இருக்கும்."

கணினித் திரையில் நான்கு கட்டங்கள்: தலைப்பு, ஆசிரியர், பதிப்பகம், ஐ.எஸ்.பி.என். அவர் சொன்னதில் ஒரு சொல்கூட அந்த நான்கில் எதற்கும் பொருந்தவில்லை. தலைப்புக் கட்டத்தில் 'அணை' என்று போட்டுப் பார்த்தேன். நீர்ப்பாசனப் பொறியியல் நூல்கள் இரண்டு வந்தன. "கொஞ்சம் உட்காருங்கம்மா" என்று சொல்லிவிட்டு உள்ளே இருந்த மூத்த நூலகரிடம் போனேன். நான் பாதி சொல்லும்போதே அவர் எழுந்துவிட்டார். மூன்றாவது வரிசையில் கீழ்த்தட்டு. குனிந்து எடுத்து, தூசியைத் தட்டி, என் கையில் கொடுத்தார்.

அடுத்த ஆண்டு அவர் ஓய்வு பெற்றார். நூலகத்தில் இருந்த நாவல்களில் பெரும்பாலானவற்றின் கதை அவருக்குத் தெரியும். யார் வருகிறார்கள், எந்த ஊரில் நடக்கிறது, எப்படி முடிகிறது, எல்லாம் தெரியும். அதில் ஒரு வரிகூடப் பட்டியலில் ஏறவில்லை. அவர் வீட்டுக்குப் போனபோது அதுவும் அவரோடு போய்விட்டது.

இப்படிப் போகவிடாமல், நூலகர்கள் படித்துத் தெரிந்துகொண்டதை எழுதிவைக்க ஒரு நாடே முயன்றது. அந்த நாடு பின்லாந்து. முயற்சியின் பெயர் கிர்யாசம்போ. 2011இல் பொதுமக்களுக்குத் திறந்துவிடப்பட்ட, புனைகதைகளுக்கான தேடல் தளம் அது. தகவல் துண்டுகளை வலை முகவரிகளால் ஒன்றோடொன்று கோக்கும் முறையை இணைப்புத் தரவு என்று சொல்லி நூலக உலகம் நிறையப் பேசுகிறது. அதைப் புனைகதைக்கு மட்டுமென்று எடுத்துக்கொண்டு, வாசகர் கையில் கொடுக்கும் வரை கொண்டுபோன முயற்சி என்றால் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது இதுதான்.

பட்டியலுக்குத் தெரிந்ததும் தெரியாததும்

நூலகக் கணினிகளில் இன்றும் ஓடிக்கொண்டிருப்பது மார்க் என்ற பதிவு வடிவம். 1960களில் அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்தில் ஹென்றியெட் அவ்ராம் தலைமையில் உருவானது. இழுப்பறையில் இருந்த அட்டையை எந்திரம் படிக்கும்படி மாற்ற வேண்டும் என்பதே அப்போதைய தேவை. அந்த வேலையை மார்க் அருமையாகச் செய்தது. 100ஆம் புலத்தில் ஆசிரியர், 245இல் தலைப்பு, 650இல் பொருள். மண்புழு உரம் பற்றிய நூல் என்றால் 650இல் 'மண்புழு உரம்' என்று போட்டுவிடலாம், தேடுபவரும் அப்படித்தான் தேடுவார். நாவலுக்கு அங்கே என்ன போடுவது? பெரும்பாலும் ஒன்றும் போடுவதில்லை, அல்லது 'தமிழ் நாவல்' என்று போட்டுவிட்டு அடுத்த புத்தகத்தை எடுப்பார்கள்.

வகைப்பாட்டு எண்ணும் கைகொடுக்காது. டியூயி முறையில் தமிழ்ப் புனைகதை எல்லாமே 894.8113க்குள் வந்துவிடும். பின்லாந்தின் பொது நூலக வகைப்பாட்டில் கதை இலக்கியத்துக்கு 84. அந்த எண்ணுக்குள் போனபின் ஆசிரியர் பெயரின் அகரவரிசைதான். யார் எழுதியது என்று தெரிந்தவருக்கு அது போதும். தெரியாதவருக்கு அது வெறும் சுவர்.

இந்த இடத்தில் சீர்காழியில் பிறந்த நூலகவியல் அறிஞர் எஸ். ஆர். ரங்கநாதனைச் சொல்லாமல் போக முடியாது. 'வாசகரின் நேரத்தைக் காப்பாற்று' என்பது நூலகங்களுக்கென்று 1931இல் அவர் வெளியிட்ட ஐந்து விதிகளில் நான்காவது. 1933இல் வந்த அவருடைய கோலன் வகைப்பாடு, ஒரு நூலை ஒரே பெட்டிக்குள் அடைக்காமல் பல முகங்களாகப் பிரித்துச் சொல்லும் முறையைக் கொண்டுவந்தது. ஷேக்ஸ்பியருக்கு அதில் O111,2J64 என்று எண். இலக்கியம், ஆங்கிலம், நாடகம், 1564இல் பிறந்தவர் என்று அந்த எண்ணே பேசும். ஆனால் இலக்கியத்தைப் பொறுத்தவரை அந்த முகங்கள் மொழி, வடிவம், ஆசிரியர், படைப்பு என்பதோடு நின்றுவிட்டன. இடம், காலம், செயல் என்று மற்ற துறைகளுக்கு அவர் வகுத்த முகங்களைக் கதைக்குள்ளேயே கொண்டுபோயிருந்தால் எப்படி இருந்திருக்கும் என்று நான் நினைத்துப் பார்ப்பதுண்டு. பின்லாந்துக்காரர்கள் செய்தது ஏறக்குறைய அதைத்தான்.

சொற்கள் முதலில் வந்தன

கிர்யாசம்போவைப் பற்றிப் பேசுபவர்கள் நேராகத் தொழில்நுட்பத்துக்குத் தாவிவிடுகிறார்கள். அதற்கு இருபது, முப்பது ஆண்டுகள் முன்பே தொடங்கிய வேலை இல்லையென்றால் 2011இல் ஒன்றும் நடந்திருக்காது.

டென்மார்க்கில் அன்னெலிசே மார்க் பெய்டர்சன் 1970களில் ஓர் எளிய காரியம் செய்தார். நூலக மேசையில் வாசகரும் நூலகரும் என்ன பேசிக்கொள்கிறார்கள் என்று உட்கார்ந்து கேட்டார். நாவல் கேட்பவர்கள் எதை வைத்துக் கேட்கிறார்கள்? கதை எதைப் பற்றி, எங்கே எப்போது நடக்கிறது, எழுத்தாளர் என்ன சொல்ல வருகிறார், படிக்க எளிதா கடினமா. இந்த நான்கையும் கொண்டு புனைகதைக்கென்றே ஒரு பகுப்பு முறை வகுத்தார். 1980களில் அதை வைத்துப் 'புத்தக வீடு' என்ற கணினித் தேடல் முறையும் உருவானது. மேசையில் வாய்மொழியாக நடந்த உரையாடலையே தேடல் முறையின் வடிவமாக எடுத்துக்கொண்டதுதான் அவருடைய பெரிய பங்களிப்பு.

பின்லாந்தில் 1990களில் கௌனோக்கி வந்தது. புனைகதையை விவரிப்பதற்கென்றே தொகுத்த சொற்பட்டியல் அது. ஃபின்னிஷ் மொழியில் புனைவிலக்கியத்துக்குப் பெயரே 'அழகிலக்கியம்' என்ற பொருளில்தான் அமைந்திருக்கிறது, கௌனோக்கியும் அந்த அழகிலிருந்து பிறந்த சொல். இலக்கிய வகை, கரு, நிகழ்வுகள், பாத்திரங்கள், இடம், காலம் என்று அதில் முகங்கள் உண்டு. ஒரு நாவலைப் படித்த நூலகர், 'போர்' என்பதா 'யுத்தம்' என்பதா என்று தன் விருப்பத்துக்கு எழுதாமல் பட்டியலில் இருக்கும் சொல்லை எடுத்துப் போட வேண்டும். நாடு இருமொழி நாடு என்பதால் ஸ்வீடிஷ் மொழியில் பெல்லா என்ற இணைப் பட்டியலும் வந்தது.

இந்தச் சொற்பட்டியல் வேலையில் முன்னால் நின்றவர் யார்மோ சார்ட்டி. அவரே பிறகு இன்னொரு கேள்வியையும் கேட்டார். ஒரே நாவலைப் பலரிடம் கொடுத்தால் ஒரே மாதிரி விவரிப்பார்களா? நூலகர்களிடமும் வாசகர்களிடமும் கொடுத்துப் பார்த்தார். ஒத்துப்போனது குறைவாகத்தான் இருந்தது. ஒருவருக்குக் காதல் கதையாகத் தெரிந்தது இன்னொருவருக்கு வர்க்கக் கதையாகத் தெரிந்தது. தான் உருவாக்கிய கருவியின் எல்லையைத் தானே அளந்து சொன்ன அந்த நேர்மை எனக்கு மிகவும் பிடித்தது. ஒத்துப்போகவில்லை என்பதால் விவரிக்கவே கூடாது என்று அவர் முடிவு கட்டவில்லை. பலர் விவரித்தால் பல வாசல்கள் கிடைக்கும் என்று நான் அதை எடுத்துக்கொள்கிறேன்.

சொல்லிலிருந்து கருத்துக்கு

இணைப்புத் தரவு என்றால் என்ன? வாசகர் வேண்டுமானால் இப்படி எண்ணிக்கொள்ளலாம். உலகத்தில் உள்ள ஒவ்வொரு பொருளுக்கும், ஆளுக்கும், ஊருக்கும், கருத்துக்கும் மாறாத ஒரு வலை முகவரி கொடுக்கிறோம். அப்புறம் 'இது - இந்த உறவில் - அதோடு' என்று மூன்று சொல் வாக்கியங்களாக எழுதுகிறோம். இந்த மூன்று சொல் இலக்கணத்துக்கு ஆர்.டி.எஃப். என்று பெயர், 1999இல் தரமாக வந்தது. டிம் பெர்னர்ஸ்-லீ 2006இல் இணைப்புத் தரவுக்கான நான்கு நெறிகளை எழுதினார். அதன் சாரம், உன் வாக்கியத்தில் வரும் ஊர் வேறொருவர் ஏற்கெனவே முகவரி கொடுத்த ஊராக இருந்தால், அதே முகவரியை எடுத்துக்கொள்.

பின்லாந்தில் 2003 முதல் 2012 வரை நடந்த ஃபின்ஒன்டோ திட்டம் இதற்கான அடித்தளத்தைப் போட்டது. பின்னாளில் ஆல்டோ பல்கலைக்கழகம் என்றான நிறுவனத்தில் ஏரோ ஹுவோனன் தலைமையிலான குழு அதை நடத்தியது. நாட்டின் பொதுச் சொற்பட்டியலையும், விவசாயம், அருங்காட்சியகம், புகைப்படம் போன்ற துறைப் பட்டியல்களையும் எடுத்து, சொற்களாக இருந்தவற்றைக் கருத்துகளாக மாற்றினார்கள். கௌனோக்கியும் அந்தக் குடும்பத்தில் சேர்ந்தது.

இது கேட்பதற்கு எளிது, செய்வதற்குக் கடினம். பழைய பட்டியலில் 'முகம் பார்க்கும் கண்ணாடி' என்பதற்கு மேலே 'அறைகலன்' என்று போட்டிருக்கும். 'கைப்பைக்குள் வைக்கும் ஒப்பனைக் கண்ணாடி' என்பதற்கு மேலே 'கண்ணாடி' என்று இருக்கும். படிக்கும் மனிதர் தானாகச் சரிசெய்துகொள்வார். எந்திரம் செய்யாது. அறைகலன் என்று தேடினால் ஒப்பனைக் கண்ணாடியைக் கொண்டுவந்து நிறுத்தும். ஒவ்வொரு உறவையும் கையால் சரிபார்த்துத்தான் ஆக வேண்டும்.

இன்னொன்று, புனைகதைக்கு நேராகத் தொடர்புள்ளது. 'குழந்தைகள்' என்ற ஒரே சொல்லை ஃபின்னிஷ் பொதுப் பட்டியல் இரண்டாகப் பிரித்தது. வயதால் குழந்தைகள் ஒரு கருத்து, குடும்ப உறவால் பிள்ளைகள் வேறு கருத்து. நமக்கு இது சட்டென்று புரியும். எழுபது வயதுத் தகப்பனும் ஐம்பது வயதுப் பிள்ளையும் சொத்துக்குச் சண்டை போடும் நாவலில் 'பிள்ளை' உண்டு, 'குழந்தை' இல்லை. சிறுவர்கள் வரும் கதை கேட்டவரிடம் அந்த நாவலைக் கொடுத்தால் அவர் அடுத்த முறை நம்மிடம் கேட்கவே மாட்டார்.

சம்போ சுழன்றது

கிர்யா என்றால் புத்தகம். சம்போ என்பது பின்லாந்தின் தேசியக் காவியமான கலேவலாவில் வரும் மாய ஆலை. கொல்லன் இல்மரினன் அடித்துச் செய்தது. ஒரு பக்கம் மாவு, ஒரு பக்கம் உப்பு, ஒரு பக்கம் பணம் என்று அரைத்துக் கொட்டிக்கொண்டே இருக்கும். ஹுவோனன் குழு தன் தளங்களுக்கெல்லாம் சம்போ என்றே பெயர் வைக்கிறது. போர்க்கால வரலாற்றுக்கு ஒரு சம்போ 2015இல் வந்தது, வாழ்க்கை வரலாறுகளுக்கு 2018இல்.

புத்தகச் சம்போவை அந்தக் குழுவும் பின்லாந்துப் பொது நூலகங்களும் சேர்ந்து செய்தன. நூலகர் தரப்பில் துர்கு நகர நூலகத்தின் கைசா ஹூபென் முக்கியப் பங்காற்றினார். தரவு அமைப்பில் ஏட்டு மேக்கெலா என்பவர். நூலகர்களையும் கணினிக்காரர்களையும் ஒரே மேசையில் உட்கார வைத்ததுதான் பாதி வெற்றி என்பேன். கணினிக்காரர் மட்டும் செய்த நூலகத் தளங்களில் தேடல் வேகமாக இருக்கும், கிடைப்பது பயன்படாது. நூலகர் மட்டும் செய்தால் மார்க் பதிவுக்கு இன்னொரு சட்டை மாட்டியதோடு முடிந்துவிடும்.

முதல் சிக்கல் மார்க் பதிவுகளைப் படைப்புகளாக மாற்றுவது. மார்க்கில் ஒரு பதிவு என்பது ஒரு பதிப்பு. ஒரு நாவல் பத்துமுறை பதிப்பிக்கப்பட்டால் பத்துப் பதிவு. மொழிபெயர்ப்பாளர் பெயர் பல சமயம் 245ஆம் புலத்தின் வாலில், 'இன்னார் தமிழில்' என்பது போன்ற ஒரு சொற்றொடராக ஒட்டிக்கொண்டிருக்கும். அது ஓர் ஆள் என்றே எந்திரத்துக்குத் தெரியாது.

சர்வதேச நூலகக் கூட்டமைப்பு 1998இல் வெளியிட்ட எஃப்.ஆர்.பி.ஆர். மாதிரி இதற்கு நான்கு அடுக்குகளைச் சொன்னது: படைப்பு, அதன் வெளிப்பாடு, பதிப்பு, கையில் இருக்கும் பிரதி. எழுத்தாளர் மனத்தில் உருவான கதை படைப்பு. அதன் மூலமொழி வடிவமும் ஒவ்வொரு மொழிபெயர்ப்பும் தனித்தனி வெளிப்பாடுகள். கிர்யாசம்போ இந்த நான்கை இரண்டாகச் சுருக்கிவிட்டது. மேலே 'அருவப் படைப்பு', கீழே 'பருப்பொருள் நூல்'. கதையின் கரு, இடம், காலம், பாத்திரம் எல்லாம் மேலே. பதிப்பகம், ஆண்டு, பக்கம் எல்லாம் கீழே. பழைய பதிவுகளிலிருந்து நடு அடுக்கை எந்திரத்தால் நம்பிக்கையோடு பிரித்தெடுக்க முடியவில்லை, கையால் பிரிக்க ஆளும் இல்லை என்பதே காரணம்.

சரியான முடிவுதான் என்பது என் எண்ணம். வாசகர் கேட்பது கதையை. நூலகர் ஒருமுறை விவரித்தால் அது எல்லாப் பதிப்புக்கும் பொருந்த வேண்டும். இரண்டு அடுக்கு அதற்குப் போதும். ஆனால் இதற்கு ஒரு விலை உண்டு. அதைக் காட்ட ஒரு நாவலை எடுத்துக்கொள்கிறேன்.

ஒரு நாவலைப் பிரித்துப் பார்த்தால்

வைனோ லின்னாவின் 'அறியப்படாத போர்வீரன்' 1954இல் வந்தது. பின்லாந்தில் அதைத் தெரியாதவர்கள் இருக்க மாட்டார்கள். 1941இல் சோவியத் எல்லையைத் தாண்டும் ஓர் எந்திரத் துப்பாக்கிக் கம்பெனியோடு கதை தொடங்கி, 1944இல் போர் முடியும்போது முடிகிறது. ஒரே கதாநாயகன் என்று யாருமில்லை. கொஸ்கெலா, ரொக்கா, ஹியெட்டனன் என்று ஒவ்வொருவரும் தன் ஊர்ப் பேச்சிலேயே பேசுகிறார்கள்.

சாதாரணப் பட்டியல் இதைப் பற்றி என்ன சொல்லும்? லின்னா, வைனோ. தலைப்பு. பதிப்பகம். 84.

இதையே மூன்று சொல் வாக்கியங்களாக எழுதினால் இப்படி விரியும். இந்நாவல், வகையால், போர் நாவல். இந்நாவல், நடக்கும் இடம், பின்லாந்து-ரஷ்ய எல்லைப் பகுதியான கரேலியா. இந்நாவல், நடக்கும் காலம், 1941 முதல் 1944 வரை. இந்நாவல், பேசும் நிகழ்வு, அந்த ஆண்டுகளில் சோவியத் ஒன்றியத்தோடு நடந்த தொடர்ச்சிப் போர். இந்நாவல், பாத்திரம், ரொக்கா. அப்புறம் வாக்கியங்கள் நாவலைத் தாண்டிப் போகத் தொடங்கும். இந்நாவலின் ஆசிரியர் லின்னா. லின்னா வேலை பார்த்தது தம்பெரே நகரத்து ஃபின்லேசன் பஞ்சாலையில். லின்னா அதே போரில் எந்திரத் துப்பாக்கிக் கம்பெனியில் இருந்தவர். இந்நாவலிலிருந்து உருவான திரைப்படங்கள் 1955, 1985, 2017 என மூன்று.

இப்போது பஞ்சாலையில் வேலை செய்த எழுத்தாளர்களைத் தேடலாம். கரேலியாவில் நடக்கும் போர்க்கதைகளைத் தேடலாம். ஒரே கதாநாயகன் இல்லாமல் ஒரு கூட்டமே கதையைத் தூக்கிப்போகும் நாவல்களைத் தேடலாம், யாராவது அப்படி ஒரு வாக்கியம் எழுதிவைத்திருந்தால். மார்க் பதிவில் புதிய வகைத் தகவல் சேர்க்க வேண்டுமென்றால் புலம் வேண்டும், குழு கூட வேண்டும், தரம் மாற வேண்டும். இங்கே இன்னொரு வாக்கியம் எழுதினால் போதும்.

அந்த விலைக்கு வருகிறேன். 1954இல் பதிப்பகம் லின்னாவின் கைப்பிரதியிலிருந்து சில பகுதிகளை நீக்கித்தான் நாவலை வெளியிட்டது. நீக்கியவற்றைச் சேர்த்து, லின்னா முதலில் வைத்திருந்த 'போர் நாவல்' என்ற தலைப்பிலேயே 2000இல் ஒரு வடிவம் வந்தது. இது அதே படைப்பா, வேறு படைப்பா? எஃப்.ஆர்.பி.ஆரின் நடு அடுக்கு இருந்தால், ஒரே படைப்பின் இரண்டு வெளிப்பாடுகள் என்று சொல்லிவிடலாம். இரண்டு அடுக்கில் அதற்கு இடமில்லை. ஒன்று, வேறு பதிப்பு என்று கீழே தள்ள வேண்டும். அல்லது தனிப் படைப்பாக்கி, இரண்டையும் ஓர் உறவால் கட்ட வேண்டும். எதைச் செய்தாலும் ஒரு உண்மை கொஞ்சம் நசுங்கும். ஆங்கிலத்தில் இந்நாவலுக்கு 1957இல் ஒரு மொழிபெயர்ப்பும் 2015இல் முற்றிலும் புதிதாக இன்னொன்றும் உண்டு. இரண்டும் ஆங்கிலம்தான், இரண்டும் ஒன்றல்ல. மொழிபெயர்ப்பை ஆராய்பவருக்கு நடு அடுக்கு இல்லாதது பெரிய குறை. கதை தேடி வருபவருக்கு அது தெரியவே தெரியாது. கிர்யாசம்போ இரண்டாமவர் பக்கம் நின்றது.

யார் எழுதியது

விவரிப்புகளைப் பல ஊர்களில் இருந்த பொது நூலகர்கள் எழுதினார்கள். அதற்காக சஹா என்ற வலைவழித் திருத்தியை ஆய்வுக்குழு செய்து கொடுத்தது. உலாவியில் திறந்து, ஒரே தரவின்மேல் பலரும் ஒரே நேரத்தில் வேலை செய்யலாம். 'க' என்று தட்டினால் கருத்துப் பட்டியலிலிருந்து பொருத்தமானவை வரிசையாக வந்து நிற்கும், எடுத்துப் போட வேண்டியதுதான். பின்னால் ஆர்.டி.எஃப். இருக்கிறது என்று தெரிந்துகொள்ள வேண்டிய அவசியம் நூலகருக்கு இல்லை.

இந்த இடம்தான் பல நூலகத் திட்டங்கள் விழுந்த இடம். தரவு மாதிரி அழகாக இருக்கும், கருத்தரங்கில் படம் போட்டுக் காட்டுவார்கள், நிரப்ப ஆள் இருக்காது. இங்கே நிரப்பினார்கள். நூலகர்கள் ஆரம்பத்தில் பதிவு என்றே நினைத்தார்கள், ஒரு நூலுக்கு ஒரு படிவம் என்று. நாளாக நாளாக, எழுத்தாளர் ஒரு புள்ளி, விருது ஒரு புள்ளி, தொடர் ஒரு புள்ளி, அட்டைப்படம் ஒரு புள்ளி, இவற்றுக்கிடையே கோடுகள் என்று பார்க்கத் தொடங்கினார்கள். எழுத்தாளரின் வாழ்க்கைக் குறிப்பு, பரிசுகள் என்று நூலைச் சுற்றியுள்ளவையும் சேர்ந்தன. வாசகர்களும் தங்கள் வலை அலமாரியை அடுக்கி மற்றவர்க்குக் காட்டலாம். ஸ்வீடிஷ் பேசுவோருக்கு பூக்சம்போ என்ற வாசல் உண்டு.

வீபுரியைத் தேடுபவர்

இணைப்பு என்ன தருகிறது என்பதை ஒரு ஊரை வைத்துச் சொல்கிறேன். வீபுரி, போருக்கு முன் பின்லாந்தின் பெரிய நகரங்களில் ஒன்று. 1940இல் சோவியத் ஒன்றியத்துக்குப் போனது, 1941இல் திரும்பி வந்தது, 1944இல் மறுபடியும் போனது. இன்று ரஷ்யாவின் விபோர்க். கரேலியாவிலிருந்து நாலு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் வீட்டைப் பூட்டிக்கொண்டு கிளம்பினார்கள். அவர்களுடைய பேரப்பிள்ளைகள் இன்று நூலகத்துக்கு வந்து, பாட்டி ஊர் வரும் நாவல் இருக்கிறதா என்று கேட்பார்கள்.

தலைப்பில் வீபுரி என்று இருக்கும் நாவல்கள் கொஞ்சம்தான் இருக்கும். சொல்லை வைத்துத் தேடினால் ஒருவர் விபோர்க் என்று எழுதியிருப்பார், ஸ்வீடிஷ் எழுத்தாளர் வீபோரி என்று எழுதியிருப்பார். ஊருக்கு ஒரே முகவரி, அதன்மேல் மூன்று பெயர்கள் என்று வைத்துவிட்டால் எந்தப் பெயரைத் தட்டினாலும் ஒரே இடத்துக்குப் போய்ச் சேரலாம். வீபுரி கரேலியாவுக்குள் இருக்கிறது என்று இடங்களின் பட்டியலில் ஒருமுறை எழுதியிருந்தால், கரேலியாவைத் தேடுபவருக்கு வீபுரி நாவல்களும் வரும், ஒவ்வொரு நாவலிலும் அதைத் திரும்ப எழுத வேண்டியதில்லை. காலத்தையும் சேர்த்து 1930கள் என்று குறுக்கினால், பாட்டி நடந்த தெருவுக்கே போய்விடலாம்.

இதில் ஒரு விஷயத்தை ஒளிக்காமல் சொல்ல வேண்டும். முகம் முகமாகப் பிரித்துத் தேடுவதை ஒழுங்கான ஒரு சாதாரணத் தரவுத்தளத்திலும் செய்யலாம். அதற்கு இணைப்புத் தரவு கட்டாயமில்லை. இணைப்புத் தரவு கொடுப்பது வேறு. அந்த இடங்களின் பட்டியலை நூலகம் உட்கார்ந்து செய்ய வேண்டியதில்லை, வேறொருவர் பராமரிப்பதை எடுத்துக்கொள்ளலாம். அருங்காட்சியகமும் அதே கருத்து முகவரியைப் பயன்படுத்தினால், நாவலில் வரும் நூற்பு இயந்திரமும் கண்ணாடிப் பேழையில் இருக்கும் நூற்பு இயந்திரமும் ஒன்றையொன்று கண்டுகொள்ளும். கௌனோக்கியின் கருத்துகள் இன்று பின்லாந்து தேசிய நூலகத்தின் ஃபின்டோ சேவையில் யாரும் எடுத்துக்கொள்ளும்படி கிடக்கின்றன. ஒரு நூலகத்தின் உழைப்பு அந்த நூலகத்தோடு முடியாமல் போவதுதான் லாபம்.

பிடிபடாதவை

மனநிலை பிடிபடவில்லை. "மனசு லேசாகற மாதிரி ஒரு புத்தகம் குடுங்க" என்பது மேசையில் தினமும் கேட்கிற கேள்வி. நகைச்சுவை என்று வகை போடலாம், ஆனால் நகைச்சுவை எல்லாம் மனத்தை லேசாக்குவதில்லை, சில சோகக் கதைகள் லேசாக்கும். சார்ட்டி கண்ட ஒத்துப்போகாமை இங்கேதான் உச்சத்துக்குப் போகும்.

முடிவைச் சொல்லிவிடும் ஆபத்தும் உண்டு. 'பாத்திரத்தின் மரணம்' என்றோ 'கொலை' என்றோ ஒரு விவரிப்பு, தேடுபவருக்கு உதவும், இன்னும் படிக்காதவருக்குக் கதையைக் கெடுக்கும். எனக்கு இதில் தெளிவான பதில் இல்லை. தேடலுக்குப் பயன்படுத்தலாம், நூலின் பக்கத்தில் காட்ட வேண்டாம் என்பது என் சாய்வு.

பெரிய கவலை ஆள்தான். புதிய நாவல்கள் வந்துகொண்டே இருக்கும். ஒவ்வொன்றையும் யாராவது படிக்க வேண்டும், இல்லாவிட்டால் புரட்டவாவது வேண்டும். ஆட்குறைப்பு நடக்கும் நூலகத்தில் முதலில் வெட்டுப்படுவது இந்த வேலையாகத்தான் இருக்கும், ஏனென்றால் இது நடக்கவில்லை என்பது பல ஆண்டுகளுக்கு யாருக்கும் தெரியாது. கிழவி போகமாட்டேன் என்று உட்கார்ந்திருந்த நாவலைக் கேட்டு ஒருவர் வரும் நாளில்தான் தெரியும்.

கலேவலாவுக்குத் தமிழில் ஒரு கோடு

சம்போ வரும் கலேவலா தமிழில் முழுதாக இருக்கிறது. பின்லாந்தில் வாழ்ந்த ஆர். சிவலிங்கம் மொழிபெயர்த்து 1994இல் வெளிவந்தது. சிந்துவெளி ஆய்வுகளால் நமக்குத் தெரிந்த அஸ்கோ பர்ப்போலாவின் முன்னுரையும் அதில் உண்டு. எலியாஸ் லொண்ரோத் 1835இல் முதலில் தொகுத்து, 1849இல் விரித்து வெளியிட்ட காவியம் அது.

இதை விவரிக்க நாம் பின்லாந்துபோல ஒரு திட்டம் தொடங்கும் வரை காத்திருக்க வேண்டியதில்லை. கலேவலாவுக்கு முகவரி ஏற்கெனவே இருக்கிறது. லொண்ரோத்துக்கு இருக்கிறது. கௌனோக்கிக் கருத்துகளுக்கும் இருக்கிறது. அந்தக் கருத்துகள் முதலில் ஃபின்னிஷ் பெயரோடு வந்தன, ஸ்வீடிஷ் பெயர் பக்கத்தில் ஒட்டப்பட்டது. 'இடப்பெயர்வு', 'அணை', 'மூதாட்டி' என்று தமிழ்ப் பெயரும் அதே முகவரியில் ஒட்டிக்கொள்ளும், கருத்தை மறுபடி கண்டுபிடிக்க வேண்டாம்.

நாமே எழுத வேண்டிய கோடு ஒன்று உண்டு. சிவலிங்கம் இலங்கையில் உதயணன் என்ற பெயரில் சிறுகதைகளும் நாவல்களும் எழுதியவர். பெயரை மட்டும் பார்க்கும் ஒரு பட்டியலில் மொழிபெயர்ப்பாளர் சிவலிங்கம் ஒரு மூலையிலும் நாவலாசிரியர் உதயணன் இன்னொரு மூலையிலும் இருப்பார்கள். கலேவலாவைப் படித்து முடித்த வாசகர், இவர் வேறென்ன எழுதியிருக்கிறார் என்று தேடினால் ஒன்றும் வராது. 'சிவலிங்கம் - அதே ஆள் - உதயணன்' என்று ஒரே ஒரு வாக்கியம் போதும். தெரிந்தவர்கள் இருக்கும்போதே அதை எழுதிவிட வேண்டும்.